அடுப்புக்குப் போகும் கட்டையிலும் அழகு இருக்கிறது

இன்றைய அரங்கில் நாம் பேசப்போவது மரத்தைப் பற்றி. காட்டில் நிற்கும் மரத்தைப் பற்றிப் பேச அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் பேசப்போவது, வேண்டாம் என்று நாமே ஒதுக்கிப் போட்ட மரத்தைப் பற்றி.

கோலா குபு பாரு, கெர்லிங், களும்பாங், ராசா, பத்தாங் காலி, அந்தப் பக்கம் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வரையில் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். லயன் வீடுகளை இடிக்கிறார்கள். தகரத்தைப் பழைய இரும்புக்காரர் எடுத்துச் செல்கிறார். பலகையும் உத்தரமும் ஓரமாகக் குவிந்து கிடக்கின்றன. நாலு நாள் மழையில் நனைந்த பிறகு யாரோ தீ வைத்துவிடுகிறார்கள். வயதான பால்மரத்தை வெட்டினால் நேரான நடுத்தண்டு ஆலைக்குப் போகிறது. கோணலான அடித்தூரும் கிளை பிரியும் கவட்டையும் அங்கேயே மக்கிப்போகின்றன.

ஆனால் ஒரு கைவினைத் தச்சரைக் கேட்டால், மரத்தின் அழகு முழுவதும் அந்தக் கோணலில்தான் இருக்கிறது என்பார். அது எப்படி என்பதையும், அந்த மரத்தைக் கொண்டு நம் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்பதையும் விளக்குவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

ரேகை எப்படி உண்டாகிறது?

இழைத்த பலகையில் கோடு கோடாகவும், அலை அலையாகவும், சில இடங்களில் கண் கண்ணாகவும் தெரிகிறதே, அதைத்தான் மரத்தின் ரேகை என்கிறோம். எல்லா மரத்திலும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. நேராக, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வளர்ந்த மரத்தின் நார்களும் நேராகவே ஓடும். அதை அறுத்தால் பலகை சாதுவாக இருக்கும். கட்டடத்துக்கு நல்லது; கண்ணுக்கு விருந்து இல்லை.

மரத்துக்கு ஏதாவது சிரமம் வரும்போதுதான் நார் திசை மாறுகிறது. கிளை பிரியும் கவட்டையில் இரண்டு பக்கத்து நார்களும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்த இடத்தைப் பிளந்தால் தீச்சுடர் போன்ற உருவம் கிடைக்கும். வேர் பிடிக்கும் அடித்தூரில், மேலே உள்ள பாரம் முழுவதும் இறங்குவதால் நார்கள் நெளிந்து வளைகின்றன. பட்டையில் காயம் பட்டால் அதை மூட மரம் கட்டி கட்டியாகப் புதுத் திசுவை வளர்க்கிறது. அங்கே சுழி சுழியான கணுக்கள் உண்டாகின்றன. நம் மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் இன்னொரு குணமும் உண்டு. சில காலம் நார்கள் இடப்பக்கம் சாய்ந்தும், சில காலம் வலப்பக்கம் சாய்ந்தும் மாறி மாறி வளரும். அத்தகைய மரத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அறுத்தால், பட்டு ஜரிகை போல வெளிச்சமும் நிழலுமாகப் பட்டைகள் தெரியும்.

இந்தப் பளபளப்புக்குக் காரணம் எளிது. நாரின் பக்கவாட்டில் ஒளி பட்டால் திரும்பி வருகிறது. நாரின் வெட்டுமுனையில் பட்டால் உள்ளே மறைகிறது. நார் மேலும் கீழும் நெளியும் பலகையில் ஒரு இடம் மின்னும், பக்கத்து இடம் இருளும். நீங்கள் நகர்ந்தால் அந்த இடங்களும் மாறும். பட்டுச் சேலையைத் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறுவது போலத்தான்.

ஆகவே ரேகை என்பது மரம் பட்ட பாட்டின் பதிவு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், ஆலை எதைக் குறை என்று தள்ளுகிறதோ அதைக் கைவினைஞர் ஏன் தேடிப்போகிறார் என்பதும் புரிந்துவிடும்.

பால்மரம் தந்த பாடம்

கழிவு என்று நினைத்த மரம் செல்வமாக மாறிய கதை நம் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த ரப்பர் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கும் அங்கிருந்து மலாயாவுக்கும் வந்தன. நம் பாட்டன் பூட்டன்கள் அந்த மரத்தைச் சீவிச் சீவி இந்த நாட்டை வளர்த்தார்கள். ஒரு மரத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் எடுக்கலாம். அதன் பிறகு வெட்டி மறுநடவு செய்ய வேண்டும்.

வெட்டிய மரம் என்ன ஆனது? நெடுங்காலம் அது விறகுதான். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டில் எரிந்தது. செங்கல் சூளையில் எரிந்தது. இரும்பு உருக்கக் கரியாகவும் மாறியது. அதைத் தளவாடத்துக்கு ஆகாத மரம் என்று ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. பால்மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலக் கறை படியும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

அந்தச் சிக்கலை ஆய்வு தீர்த்து வைத்தது. மரத்தை வெட்டியவுடன் தாமதிக்காமல் அறுத்து, போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது என்பது தெரிந்தது. நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அந்தக் கழகம் அமைந்திருக்கும் நிலமே ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலம்தான். அதில் மரம் நட்டுக் காடாக்கினார்கள். 2025-இல் அந்த வனப் பூங்கா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

1980-களிலிருந்து பால்மரத் தளவாடங்கள் கப்பலேறின. ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரம் அதனாலேயே பேர் பெற்றது. விறகு என்று எரித்த மரம் இன்று மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பு.

ஆனால் இங்கேயும் ஒரு மிச்சம் இருக்கிறது. ஆலைக்கு வேண்டியது வெளிர் நிறமான, ஒரே சீரான பலகை. பால் வெட்டும் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கினால், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் வளர்ச்சி அடுக்கு காயப்படும். கங்காணி திட்டுவது அதற்குத்தான். அந்தக் காயம் ஆறும்போது மரம் புடைத்து, நார் முறுக்கிக்கொள்கிறது. கருங்கோடுகள் உள்ளே ஓடுகின்றன. ஆலையில் அந்தப் பகுதியை நறுக்கித் தள்ளிவிடுவார்கள். கைவினைஞருக்கோ அதுதான் வேண்டும். யாரோ ஓர் அம்மா இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியதன் தடம் அந்தக் கட்டையில் இருக்கிறது. அதை வேறு எந்த மரத்திலும் பார்க்க முடியாது.

நம் வட்டாரத்தில் மிஞ்சியிருப்பது என்ன?

கோலா குபு பாரு, அழிவிலிருந்து மீண்டும் எழுந்த ஊர். 1883 அக்டோபரில் அணை உடைந்து பழைய கோலா குபு நாசமானது. அந்த இடத்துக்கு அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை என்றே பேர் நின்றுவிட்டது. பிறகும் வெள்ளம் விடாமல் துரத்தியதால், சார்ல்ஸ் ரீட் என்ற நகரத் திட்ட வல்லுநரின் திட்டப்படி மேட்டு நிலத்தில் புதிய ஊர் எழுந்தது.

அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் மாறிவிட்டன. கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தோட்டத்தின் பேரிலேயே தமிழ் இருப்பதைக் கவனியுங்கள். பின்னாளில் வட சிலாங்கூரில் பால்மரம் இருந்த இடத்தையெல்லாம் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பிடித்துக்கொண்டன. செம்பனைத் தண்டு உள்ளே பஞ்சு போன்றது. ஈரமும் மாவும் மிகுந்தது. வைரம் பாய்ந்த மரமாக அது ஆவதில்லை. ஆகவே நம் பக்கத்துப் பழைய மரங்களின் கையிருப்பு இனிக் கூடப்போவதில்லை, குறையத்தான் போகிறது.

எங்கெங்கே அந்தக் கையிருப்பு இருக்கிறது? முதலாவது, பழைய கட்டடங்கள். மலாயாவில் அந்தக் காலத்தில் தூணுக்கும் உத்தரத்துக்கும் செங்கால், பாலாவ் போன்ற வன்மரங்களையும், சுவர்ப் பலகைக்கு மெராந்தி போன்ற இலகு மரங்களையும் பயன்படுத்துவது வழக்கம். செங்கால் மிக மெதுவாக வளரும் மரம். ஒரு தூண் கனத்துக்கு வைரம் ஏற அதற்குப் பல தலைமுறைகள் ஆகும். இன்று புதிதாக வாங்க நினைத்தால் விலை கையைக் கடிக்கும்.

இரண்டாவது, ரயில் கட்டைகள். 2000-களில் ராவாங்கிலிருந்து ஈப்போ வரை மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டபோது, பழைய மரக்கட்டைகளின் இடத்தைக் கான்கிரீட் கட்டைகள் பிடித்தன. மூன்றாவது, சாலையோர மரங்கள். புயலிலும் சாலை விரிவாக்கத்திலும் சாயும் அங்சானாவும் தூங்குமூஞ்சியும் நல்ல ரேகை உள்ளவை. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து மேல்நாடுகளுக்குப் போய்ப் பெரும் விலைக்கு விற்ற அம்போய்னா கணுக்கட்டை வேறொன்றுமில்லை. நம் சாலையோர அங்சானாவின் கணுதான்.

குறையைக் குணமாக்கியவர்

இந்தக் கலைக்கு உலக அளவில் மதிப்புத் தேடித் தந்தவர்களில் ஒருவர், ஜார்ஜ் நாகஷிமா. 1905-இல் அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடக் கலை படித்தவர். அவருக்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா என்ற தங்கும் விடுதியைக் கட்டும் பணியை மேற்பார்வையிட்டவர் அவர். அங்கேயே தங்கிச் சீடராகி, சுந்தரானந்தா என்ற பேரையும் பெற்றார்.

பிறகு அமெரிக்கா திரும்பினார். உலகப் போர் மூண்டது. 1942-இல், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு பாலைவன முகாமில் அடைக்கப்பட்டார். அந்த முகாமில் கெந்தாரோ ஹிக்கோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுப் பலகைகளையும் பாலைவனத்துப் புதர்க் கட்டைகளையும் வைத்துக்கொண்டு இருவரும் வேலை செய்தார்கள். ஜப்பானியத் தச்சு முறையை நாகஷிமா நன்றாகக் கற்றது அங்கேதான்.

விடுதலையான பிறகு பென்சில்வேனியா மாநிலத்தில் பட்டறை போட்டார். மற்றவர்கள் வெடிப்பு, கணு, ஓட்டை என்று தள்ளிய பலகைகளை அவர் தேடி எடுத்தார். வெடிப்பை மறைக்க மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சிறு கட்டையைச் செதுக்கி வெடிப்பின் குறுக்கே பதித்து, அது மேலும் விரியாமல் தடுப்பார். 1990-இல் அவர் காலமானார். அவருடைய மேசைகள் இன்று ஏலத்தில் பெரும் தொகைக்குப் போகின்றன.

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுபோய்ச் செட்டிநாட்டில் மாளிகைகள் கட்டினார்கள். அவற்றில் சில பின்னாளில் இடிபட்டபோது, தூண்களும் கதவுகளும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து புது வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. செட்டியார் வீட்டுத் தூணுக்கு மதிப்பு உண்டென்றால், தோட்டத்து லயன் உத்தரத்துக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்?

ஆர்வம் மட்டும் போதாது, எச்சரிக்கையும் வேண்டும்.

முதலில் உரிமை. இடித்த வீட்டுப் பலகை கேட்பாரற்றுக் கிடந்தாலும் அது தோட்ட நிர்வாகத்துக்கோ குத்தகையாளருக்கோ சொந்தமாக இருக்கலாம். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தை வனத்துறை உரிமம் இல்லாமல் எடுப்பது குற்றம்.

இரண்டாவது, மரத்தின் மேல் என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள். கெம்பாஸ், கெருயிங் போன்ற ரயில் கட்டைகளுக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். கறுத்து, தார் வாடை வீசும் கட்டையைச் சாப்பாட்டு மேசையாகவோ குழந்தைக்குத் தொட்டிலாகவோ ஆக்காதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர் நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நெருப்பாலும் சுடக் கூடாது.

மூன்றாவது, கறையானும் வண்டும். பலகையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. பொத்தென்றால் உள்ளே வெற்றிடம். ஊசித் துளைகளிலிருந்து புது மாவு கொட்டினால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பலகையை மற்றவற்றோடு சேர்த்து அடுக்காதீர்கள்.

பழைய வீட்டு மரத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு. அது பல பத்தாண்டுகள் உலர்ந்துவிட்டது. இனி வளைந்து நெளிவது குறைவு. புதிதாக வெட்டிய பால்மரமோ சாலையோர மரமோ அப்படி அல்ல. உடனே பலகையாக அறுத்து, வெட்டுமுனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, பலகைக்குப் பலகை இடைக்குச்சி வைத்து நிழலில் அடுக்க வேண்டும். பால்மரமாக இருந்தால் போராக்ஸ் முறையைத் தள்ளிப்போடவே கூடாது. நம் நாட்டுக் காற்றில் மரம் எவ்வளவு உலர்ந்தாலும் சுமார் 15 விழுக்காடு ஈரம் அதில் தங்கும். குளிர்சாதன அறையில் அது இன்னும் இறங்கும். கம்பத்தில் செய்த மேசை நகரத்து அலுவலகத்தில் வெடிப்பதற்குக் காரணம் இதுதான். வாங்குபவர் அதை எங்கே வைக்கப்போகிறார் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

கைவேலையின் நுட்பம்

முதல் வேலை ஆணி பார்ப்பது. ஒரு ஆணி போதும், ரம்பத்தின் பல்லை உடைக்கவும் கண்ணில் தெறிக்கவும். காந்தத்தைப் பலகை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஆணி எடுத்த துளையைச் சுற்றிக் கருநீலக் கறை இருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாக்கிய கறை அது. அதை நீக்க வேண்டியதில்லை. பலகையின் வயதுக்கு அதுவே சான்று.

ரேகை உள்ள மரத்தை இழைப்பது சிரமம். நார் மேலும் கீழும் ஓடுவதால் எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் எங்காவது பிய்ந்து வரும். இழைப்புளியின் கத்தி மயிரைச் சிரைக்கும் கூர்மையில் இருக்க வேண்டும். சீவல் காகிதம் போல மெல்லியதாக வர வேண்டும். அடங்காத இடத்தைச் சுரண்டித்தான் சமப்படுத்த வேண்டும். அந்தக் காலத் தச்சர்கள் உடைந்த கண்ணாடித் துண்டாலேயே இதைச் செய்தார்கள். இன்று எஃகுத் தகட்டுச் சுரண்டி கிடைக்கிறது. கடைசியில்தான் உப்புத்தாள். முகமூடி கட்டாயம் வேண்டும்; வன்மரத் தூசி மூச்சுக்கு ஆகாது.

பூச்சு மெல்லியதாக இருந்தால் ரேகை பேசும். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் நல்லவை. தேங்காய் எண்ணெய் உலராது. நாளடைவில் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, பிறகு எறியுங்கள்.

என்ன செய்யலாம்? யாருக்கு விற்கலாம்?

பெரிய மேசையில் தொடங்க வேண்டாம். இரண்டடி உத்தரத் துண்டு ஒன்றிலிருந்து பல்லாங்குழிப் பலகை செய்யலாம். குத்துவிளக்கு வைக்கும் மணை செய்யலாம். அஞ்சறைப் பெட்டி, முக்காலி, சுவர்க் கடிகாரம், பூசை மாடம் என்று நம் வீட்டுக்கு வேண்டிய பொருள்களே எத்தனையோ இருக்கின்றன. பால்மரக் கவட்டையைக் கடைசலில் பிடித்தால் அழகான கிண்ணம் வரும்.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு அட்டை வையுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கட்டடம், என்ன மரம், எந்த ஆண்டு எடுத்தது என்று எழுதுங்கள். தொழிற்சாலைப் பொருளோடு விலையில் நம்மால் போட்டி போட முடியாது. ஆனால் அந்த அட்டையில் இருக்கும் விவரம் தொழிற்சாலையிடம் இல்லை. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போன குடும்பங்கள், தாங்கள் பிறந்த லயனின் ஒரு துண்டை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்ப மாட்டார்களா? விலை சொல்லும்போது மரம் இலவசமாக வந்ததென்று உழைப்பையும் இலவசமாக்கிவிடாதீர்கள். ஆணி பிடுங்கிய நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

முறையாகக் கற்க விரும்பும் இளையோருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராவாங்கிலேயே தேசியக் கைவினைக் கழகம் இருக்கிறது. மரக் கைவினை அங்கே ஒரு பாடப்பிரிவு. எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை விசாரித்துப் பார்க்க வேண்டும். தச்சு வேலை என்றால் தரக்குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. கையில் தொழில் உள்ளவன் பட்டினி கிடந்ததில்லை என்பதை நம் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நிறைவாக ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பலகையை முகர்ந்து பார்த்தே இது மெராந்தி, இது செங்கால் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள நமக்கு இருக்கும் காலம் குறைவு. அடுத்த முறை உங்கள் பக்கத்தில் ஒரு லயன் இடிபடுகிறது என்று தெரிந்தால், தீ வைப்பதற்கு முன்பு அந்தப் பெரியவரை அழைத்துக்கொண்டு போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். உளியால் ஓரத்தில் சிறிது சீவினாலே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.